கியர் விழவில்லை என்றால் கிளச் பிளேட் முடிந்துவிட்டதா?

கியர் விழவில்லை என்றதும் கிளச் பிளேட் முடிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சாரதி சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சில கராஜ்களிலும் அதையே சொல்லிக் கியர் பொக்ஸை இறக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் தேய்ந்த கிளச் பிளேட் கியர் விழுவதைத் தடுப்பதில்லை. அது வழுக்கும், எஞ்சின் உறுமும், வாகனம் வேகம் எடுக்காது, ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது எரிந்த வாடை வரும். கியர் விழாமல் கரகரப்பது இதற்கு நேர்மாறான பழுது. அங்கே பிளேட் பிடியை விட மறுக்கிறது.

பிடிக்க மறுப்பதும் விட மறுப்பதும் ஒரே பழுதாக எண்ணப்படுவதால் நம் வன்னிப் பக்கத்தில் எவ்வளவோ பணம் வீணாகிறது. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ வாகனம் நின்றால், கட்டி இழுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போக வேண்டும். போன இடத்தில் கியர் பொக்ஸை இறக்கிப் புதுப் பிளேட் போட்ட பிறகும் கியர் விழாவிட்டால், அப்போதுதான் கிளச் சிலிண்டரைப் பார்க்கிறார்கள். அந்தச் சிலிண்டரைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்க்கப் பெரும்பாலான வாகனங்களில் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

கிளச் என்ன செய்கிறது

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சில்லு சில வேளை சுழலும், சில வேளை நிற்கும். இரண்டையும் தேவைப்படும்போது இணைத்து, தேவைப்படும்போது பிரித்துவிடுவது கிளச்சின் வேலை.

எஞ்சினின் பின்புறத்தில் கனமான ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது, அதுதான் பிளைவீல். அதன்மேல் கிளச் பிளேட் ஒட்டி நிற்கிறது. உராய்வுப் பொருள் பதித்த இந்த வட்டத் தட்டு கியர் பொக்ஸின் தண்டில் கோத்திருக்கிறது. பிரஷர் பிளேட் என்ற வில்லுத் தட்டு அதைப் பிளைவீலோடு சேர்த்து நெரித்துப் பிடிக்கிறது. நெரித்துப் பிடித்திருக்கும்வரை எஞ்சினின் சுழற்சி சில்லுக்குப் போகும்.

பெடலை நாம் மிதிக்காத நேரத்தில்தான் கிளச் பிடித்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மிதிக்கும்போது வில்லின் பிடியைத் தளர்த்துகிறோம். ஆகவே பெடலிலிருந்து அந்த வில்லுவரை பலம் போய்ச் சேராவிட்டால் கிளச் பிடித்தபடியே இருக்கும், கியர் விழாது. பிளேட் புத்தம் புதிதாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

பெடலின் பலத்தை வில்லுக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. மாருதி 800, அல்டோ போன்ற சிறிய கார்களில் ஒரு கம்பிக் கேபிள் அந்த வேலையைச் செய்கிறது. கைக் கியர் உள்ள கொரோலா, ஹயஸ் வான், இசுசு எல்ஃப் லொறி போன்றவற்றில் கேபிளுக்குப் பதிலாக ஒயில் இருக்கிறது. இந்த ஒயில் வகையைத்தான் ஹைட்ரோலிக் கிளச் என்கிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இரண்டு சிலிண்டர்களும் ஒரு குழாயும்

பெடலுக்கு முன்னால், எஞ்சின் அறையின் சுவரில் பொருத்தப்பட்டிருப்பது மாஸ்டர் சிலிண்டர். கியர் பொக்ஸின் பக்கத்தில் கீழே இருப்பது ஸ்லேவ் சிலிண்டர். கராஜ்களில் மேல் பம்ப், கீழ் பம்ப் என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஓர் உலோகக் குழாயும் கடைசித் துண்டில் ஒரு ரப்பர்க் குழாயும் இணைக்கின்றன. பெடலை மிதித்தால் மாஸ்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ஒயிலைத் தள்ளுகிறது. அந்த ஒயில் ஸ்லேவில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. அது கவைபோலப் பிரிந்த ஒரு நெம்பை அசைக்க, நெம்பு ரிலீஸ் பெயாரிங் என்ற வளையத்தை வில்லின் மீது அழுத்துகிறது. வில்லு தளர்கிறது, பிளேட் விடுபடுகிறது.

இதில் பழுதாவது எது என்று விளங்கிக்கொள்ளச் சைக்கிள் பம்மை நினைத்துக்கொள்ளுங்கள். வன்னியில் அதைக் கையால் அடித்துப் பார்க்காதவர் இல்லை. பம்மின் தண்டு நுனியில் கிண்ணம் போல ஒரு தோல் வோஷர் இருக்கும். கீழே தள்ளும்போது காற்றின் அழுத்தமே அந்தக் கிண்ணத்தின் விளிம்பை விரித்துக் குழாய்ச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. வோஷர் காய்ந்து சுருங்கிவிட்டால் என்ன நடக்கும்? கைப்பிடி இலகுவாக இறங்கும், காற்று விளிம்பைத் தாண்டி மேலே திரும்பிவிடும், டயருக்குள் ஒன்றும் போகாது. வெளியே ஒரு சொட்டும் சிந்தவில்லை, ஒன்றும் உடையவில்லை, ஆனாலும் பம் வேலை செய்யவில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் இதே வடிவத்தில் ஒரு ரப்பர் வோஷர் உண்டு. சீல் என்பது அதைத்தான். அது தேய்ந்தால், ஒயில் அதைத் தாண்டிப் பின்னால் வந்துவிடுகிறது. பெடல் இறங்குகிறது, பலம் போய்ச் சேரவில்லை.

அதே பம்மின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தள்ளிப் பாருங்கள். கைப்பிடி பாதிவரை இறங்கி, விட்டதும் துள்ளித் திரும்பும். காற்று நசுங்கும். உள்ளே தண்ணீரை நிரப்பி அடைத்துவிட்டுத் தள்ளினால் கைப்பிடி அசையாது. திரவத்தை அப்படி நசுக்க முடியாது. கிளச்சில் ஒயில் வைத்திருப்பது இதற்காகத்தான். ஒயிலுக்குள் காற்றுக் குமிழ் புகுந்தால் நாம் மிதிக்கும் மிதியெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: பெடலை மிதிக்கையில் கிளச் விட வேண்டும். விடவில்லை என்றால் ஒயில் வெளியே கசிந்திருக்கலாம், சீலைத் தாண்டி உள்ளேயே திரும்பியிருக்கலாம், அல்லது காற்றுப் புகுந்திருக்கலாம். மூன்றும் பிளேட்டோடு தொடர்பில்லாதவை.

ஒரு தேக்கரண்டி ஒயில்

இந்த ஏற்பாட்டில் எவ்வளவு சிறிய குறைபாடு எவ்வளவு பெரிய தொல்லையைத் தரும் என்பதை ஒரு கணக்கு காட்டும். மாஸ்டரின் உள் விட்டம் 16 மில்லிமீற்றர், ஸ்லேவின் உள் விட்டம் 20 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பெடலை முழுதாக மிதிக்கும்போது மாஸ்டரின் பிஸ்டன் 25 மில்லிமீற்றர் நகர்ந்தால், அது தள்ளும் ஒயில் ஏறத்தாழ 5 மில்லிலீற்றர். அதாவது ஒரு தேக்கரண்டி. அந்த ஒயில் அகன்ற ஸ்லேவுக்குள் போய் அங்கே உள்ள பிஸ்டனை 16 மில்லிமீற்றர் நகர்த்தும். தூரம் குறைகிறது, அதற்கு ஈடாகப் பலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. பாஸ்கல் விதி என்று பாடசாலையில் படித்தது இதுதான்.

இப்போது அந்தத் தேக்கரண்டியில் ஒரு மில்லிலீற்றர் மட்டும் வழியில் குறைந்துபோகட்டும். ஸ்லேவின் நகர்வில் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இழந்துவிடுகிறோம். கிளச் விடுபடத் தேவையான தூரத்தில் அது பெரிய பங்கு. அதனால்தான் "ஒயில் கொஞ்சந்தானே குறைந்திருக்கிறது" என்ற நினைப்பு இங்கே செல்லாது.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தியிருக்கும்போது இலகுவாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் கரகரத்தால், அதிலும் ரிவர்ஸ் கியரில் அதிகமாகக் கரகரத்தால், கிளச் விடவில்லை என்று பொருள். நிறுத்தியிருக்கும்போதும் விழாவிட்டால் கியர் லீவரையோ அதன் கேபிளையோ கியர் பொக்ஸையோ பார்க்க வேண்டும். அது வேறு கதை.

அடுத்தது ஒயில் மட்டம். கிளச்சில் ஊற்றுவது பிரேக் ஒயில்தான். மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று குறித்திருக்கும். கிளச்சுக்குத் தனிச் சிறு குப்பி இருந்தால், அதில் மட்டம் குறைய வேறு நியாயமே இல்லை. எஞ்சின் ஒயில் போல இது எரிந்து குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. பல வாகனங்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே குப்பி. அவற்றில் கிளச்சுக்குப் போகும் வாய் சற்று மேலே வைக்கப்பட்டிருக்கும், ஒயில் குறையும்போது பிரேக்குக்கு மிச்சம் இருக்கட்டும் என்று. அப்படிப்பட்ட வாகனத்தில் கிளச் வேலை செய்யாமல் போனால் அதைப் பிரேக்குக்கான எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கசிவைத் தேட இரண்டு இடங்கள் போதும். பெடலுக்கு மேலே தண்டு சுவருக்குள் போகும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரமோ, கீழே விரிப்பில் பிசுபிசுப்போ இருந்தால் மாஸ்டர். பிறகு ஸ்லேவின் நுனியில் உள்ள தூசி உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளிருந்து ஒயில் வழிந்தால் ஸ்லேவ். உறையின் வெளிப்பக்கம் உலர்ந்திருந்தாலும் உள்ளே ஒயில் தேங்கியிருக்கலாம் என்பதால் விலக்கிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

பெடலும் பேசும். இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்தால் கியர் விழுகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது அல்லது ஒயில் குறைந்திருக்கிறது. கியரைப் போட்டுப் பெடலை மிதித்தபடி நிற்கும்போது, காலை அசைக்காமலே வாகனம் மெல்ல முன்னுக்கு நகரப் பார்த்தால், எங்கேயும் கசிவும் இல்லை என்றால், சைக்கிள் பம்மில் பார்த்த அதே நோய்: மாஸ்டரின் சீல் உள்ளேயே ஒயிலை விடுகிறது. மட்டம் குறையாததால் இந்தப் பழுதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. பிளேட்டின் மேல் பழி விழுவதும் பெரும்பாலும் இதில்தான்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒரு சோதனையை. எஞ்சினை நிறுத்தி, ஒருவரைப் பெடலை மெல்ல மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்லேவின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று ஓர் அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். பொதுவாக ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நகர வேண்டும். சரியான அளவு வாகனத்தின் கைநூலில் இருக்கும். குறைவாக நகர்ந்தால் பழுது சிலிண்டர்ப் பக்கம். முழுதாக நகர்ந்து, அப்படியே நின்று, அப்போதும் கியர் விழவில்லை என்றால் பழுது உள்ளே. அப்போது மட்டும் கியர் பொக்ஸை இறக்குவது நியாயம். மாரியில் மாதக்கணக்காக ஓடாமல் நின்ற வாகனத்தில் பிளேட் துருவேறிப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதுவும் உள்ளே உள்ள பழுதுதான்.

கியர் பொக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் இந்த அளவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்படமாட்டார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. புதிய வாகனங்கள் சிலவற்றில் ஸ்லேவ் சிலிண்டர் வளையமாகக் கியர் பொக்ஸின் உள்ளேயே இருக்கும். அதைப் பார்க்கவோ மாற்றவோ இறக்கித்தான் ஆக வேண்டும். அவ்வாறு இறக்கும்போது கிளச் பிளேட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்தி.

நம் பக்கத்தில் ஏன் சீக்கிரம் போகிறது

ஸ்லேவ் சிலிண்டர் தாழ்வான இடத்தில் இருக்கிறது. தார் போட்ட ஏ9 வீதியில் மட்டும் ஓடும் வாகனத்துக்குக் கவலை குறைவு. கிரவல் பாதையில் இறங்கினால் கோடையில் செம்மண் தூசி, மாரியில் பள்ளங்களில் தேங்கிய சேற்றுநீர். தூசி உறை கிழிந்திருந்தால் இரண்டும் உள்ளே போய்ச் சுவரைச் சுரண்டுகின்றன.

வெளியில் தெரியாத எதிரி ஒயிலுக்குள்ளேயே இருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் உறிஞ்சிய நீர் சிலிண்டர் சுவரைத் துருப்பிடிக்கச் செய்கிறது. சிறு குழிகள் விழுகின்றன. அந்தக் குழிகளின் மேல் ஓடியோடி சீல் கிழிகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒயிலை மாற்றினால் இதைத் தவிர்க்கலாம்.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மண் இது. இருப்பதை வைத்துச் சமாளிக்கும் அந்தத் திறமையின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் கிளச் ஒயிலில் மட்டும் அது செல்லாது. எஞ்சின் ஒயில், பவர் ஸ்டீயரிங் ஒயில், ஹைட்ரோலிக் ஒயில் எதையும் பிரேக் ஒயிலுக்குப் பதிலாக ஊற்றக் கூடாது. கனிம எண்ணெய் பட்டதும் இந்தச் சீல் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். குப்பி பிரேக்குக்கும் பொதுவானது என்றால் பிரேக்கின் சீல்களும் சேர்ந்து கெடும். சீலைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும் அதே தவறு. புது பிரேக் ஒயிலால்தான் கழுவ வேண்டும்.

கிட் போடுவதா, சிலிண்டரையே மாற்றுவதா

கிட் என்பது சீல்களும் தூசி உறையும் அடங்கிய சிறு பொதி. மலிவு. சிலிண்டரைக் கழற்றித் துடைத்துவிட்டு உள்சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கிட் போதும். நகம் தடக்கினால், குழியோ கீறலோ இருக்கிறது. அதில் போடும் புதுச் சீல் விரைவிலேயே மீண்டும் கசியும். அப்போது முழுச் சிலிண்டரையும் மாற்றுவதே சிக்கனம். வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து உள் விட்டம் வேறுபடும் சிலிண்டர்கள் உண்டு; விட்டம் மாறினால் மேலே போட்ட கணக்கும் மாறிவிடும். கழற்றி விற்கும் பழைய சிலிண்டரை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதன் ரப்பருக்கும் உங்களுடையதன் வயதுதான்.

ஒன்று போனால் மற்றதும் ஒரே வயதுடையது என்பதை மறக்க வேண்டாம். மாஸ்டரைப் புதிதாகப் போட்டதும் அழுத்தம் முழுதாக வர, அதுவரை தாக்குப்பிடித்த ஸ்லேவ் கசியத் தொடங்குவது வழமை.

மாற்றும் வேலை

கிரவல் நிலத்தில் ஜக் சரியும். கீழே அகலமான பலகை வைத்து, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, தாங்கு கால்களில் நிறுத்திய பிறகே வாகனத்தின் அடியில் போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

ஸ்லேவைப் பெரும்பாலும் இரண்டு போல்ட்கள் பிடித்திருக்கும். சிக்கல் தருவது குழாய் நட். அது மென்மையான உலோகம். சாதாரண ஸ்பனர் போட்டால் முனை மழுங்கிவிடும். முதல் நாளே துருவிளக்கும் ஒயில் தெளித்து வைத்து, குழாய் நட்டுக்கென்று உள்ள ஸ்பனரால் திறக்க வேண்டும். கழற்றிய பின் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது; பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். ரப்பர்க் குழாய் வெடித்தோ ஊதியோ இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மாஸ்டரைக் கழற்றக் குப்பியின் ஒயிலை முதலில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பெடலோடு தண்டை இணைக்கும் பின்னை உள்ளிருந்து எடுத்து, சுவரில் உள்ள நட்களைக் கழற்றினால் வந்துவிடும். புதியதைப் பூட்டும்போது பெடலில் சில மில்லிமீற்றர் வெற்றசைவு இருக்க வேண்டும். தண்டு பிஸ்டனை எப்போதும் சற்றே தள்ளியபடி இருந்தால் ஒயில் குப்பிக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும். அழுத்தம் உள்ளே தங்கி, கிளச் வழுக்கத் தொடங்கும். அவ்வாறு நல்ல பிளேட்டைக் கருக்கிவிட்டவர்களும் உண்டு.

பிரேக் ஒயில் பெயின்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணில் படாமல் பாருங்கள். பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள். கிணற்றடியிலோ வளவிலோ ஊற்ற வேண்டாம்.

எயார் எடுத்தல்

புதிதாகப் பூட்டிய சிலிண்டரிலும் குழாயிலும் காற்று நிறைந்திருக்கும். அதை வெளியேற்றுவதே எயார் எடுப்பது. ஸ்லேவில் உள்ள சிறு நிப்பிளில் தெளிவான ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது புது ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறப்பார். ஒயிலும் குமிழும் வரும். பெடல் அடியில் இருக்கும்போதே நிப்பிளை மூடிவிட்டு, பிறகு பெடலை மேலே எடுக்க வேண்டும். பல வாகனங்களில் அப்போது கிளச் பெடல் தானாக எழும்பாது, கையால் தூக்க வேண்டியிருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மூடும் முன் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழ் நிற்கும்வரை தொடருங்கள், குப்பி ஒரு தடவைகூட வற்ற விடாதீர்கள். வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே வந்த ஒயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

எயார் எடுத்து முடிந்ததும் ஸ்லேவின் தண்டை மறுபடியும் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, பெடலை மிதித்துச் சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ஓசையின்றி விழ வேண்டும். குப்பி பிரேக்குக்கும் பொதுவானது என்றால் வீதிக்கு ஏறும் முன் பிரேக்கையும் மிதித்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு மட்டத்தையும், ஸ்லேவின் தூசி உறைக்குள்ளும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். புது இணைப்பில் கசிவு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.